நன்றிப் பக்கம் போட்டால் போதுமா?

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் நிறுவனமும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால், அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுக் கேள்விக்குத் தேவையானதை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

ஒன்பது ஆண்டுகளாகச் சிறிய பயிற்சி நிறுவனம் ஒன்றை நடத்துகிறார். புகாரோடு வரும் வாடிக்கையாளரிடம் ஊழியர்கள் எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது அவருடைய தொழில். அவர் நடத்தும் 'ஐந்து படி முறை' நல்ல பெயர் எடுத்துவிட்டது. இப்போது பெரிய நிறுவனம் ஒன்று அந்த முறைக்கு உரிமம் வாங்கி, தன் கிளைகள் எல்லாவற்றிலும் பயன்படுத்த விரும்புகிறது. ஒப்பந்த வரைவு வந்துவிட்டது. அதில் ஒரு பிரிவு, இந்தப் பாடப்பொருள் முழுவதும் உரிமம் தருபவரின் சொந்தப் படைப்பு என்றும், பிறர் உரிமை எதையும் அது மீறவில்லை என்றும் அவர் உறுதி கூற வேண்டும் என்கிறது. அதைப் படித்த நாளிலிருந்து தூக்கம் சரியில்லை என்கிறார்.

காரணம் இருக்கிறது. ஐந்து படிகளின் வரிசை, அவர் முன்பு நான்கு ஆண்டுகள் உதவியாளராக இருந்த மூத்த பயிற்சியாளரின் வகுப்பில் கற்றது. கடிதம் முழுக்க அவரை 'சார்' என்றே குறிப்பிடுகிறார். படிகளுக்குப் பெயர் மட்டும் இவர் வைத்தது. சாரின் கையேட்டில் இருந்த இரண்டு நடிப்புப் பயிற்சி உரையாடல்களை, பாத்திரங்களின் பெயரை மாற்றி அப்படியே வைத்திருக்கிறார். பலரும் அறிந்த மேலாண்மை நூல் ஒன்றில் வரும் நான்கு கட்டப் படத்தை வேறு நிறத்தில் வரைந்து சேர்த்திருக்கிறார். இணையத்தில் கிடைத்த கட்டுரையின் மூன்று பத்திகள் முன்னுரைக்குள் புகுந்திருக்கின்றன. கடைசியாக ஒன்றரை வரி: 'எல்லோரும் விரும்பிக் கேட்கும் மதிப்பெண் தாள், என்னிடம் மணிக்கணக்கில் சம்பளம் வாங்கி வேலை பார்த்த ஒரு பெண் யோசித்துத் தந்தது, சம்பளம் கொடுத்ததால் அது எனக்குத்தானே?'

முப்பது சதவீதம் மாற்றிவிட்டால் எதுவும் சொந்தமாகிவிடும் என்று நண்பர் ஒருவர் தைரியம் சொன்னாராம். கையேட்டின் கடைசியில் ஒரு நன்றிப் பக்கம் போட்டால் போதுமா, பெயர்களைச் சொன்னால் 'இவரிடம் சொந்தச் சரக்கே இல்லை' என்று வாங்குபவர் விலையைக் குறைக்க மாட்டாரா, கையெழுத்துப் போடலாமா என்று கேட்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இப்போது இருக்கும் வரைவில் கையெழுத்துப் போடாதீர்கள். அதற்காக இந்த வாய்ப்பே கைநழுவிப் போய்விட்டது என்று நினைக்கவும் வேண்டாம். நீங்கள் சொன்னவற்றில் சரிசெய்ய முடியாதது எதுவும் இல்லை. சில வாரம் வேலை இருக்கிறது, இரண்டு மூன்று பேரிடம் கொஞ்சம் சங்கடமாகப் பேச வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

ஒரு விஷயம் என்னை உறுத்தியது. ஏழு பக்கக் கடிதத்தில் சாரைப் பற்றி மூன்று பக்கம், அந்த நூலாசிரியரைப் பற்றி இரண்டு பக்கம். மதிப்பெண் தாளை யோசித்த பெண்ணுக்கு ஒன்றரை வரி. புகழ்பெற்றவர் என்ன சொல்வாரோ என்ற பயம் உங்களுக்கு நிறைய இருக்கிறது. வழக்கறிஞராக நான் கவலைப்படும் வரிசை அப்படியே தலைகீழ். அந்தப் பெண்ணிடம் பிறகு வருகிறேன். முதலில் உங்களைத் தேவையில்லாமல் பயமுறுத்திக்கொண்டிருப்பதை விலக்கிவிடலாம்.

யோசனை யாருக்குச் சொந்தம்?

சாரிடம் கற்ற ஐந்து படிகளின் வரிசையை நடத்துவதே திருட்டு என்று நினைக்கிறீர்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. இதில் உங்கள் நிலைமைக்கு மிக நெருக்கமான ஒரு பழைய வழக்கு உண்டு. சார்லஸ் செல்டன் என்பவர் 1859-இல் கணக்கெழுதும் முறை ஒன்றை விளக்கி ஒரு நூல் வெளியிட்டார். விளக்கத்தோடு, கோடு போட்ட படிவங்களும் அதில் இருந்தன. பின்னால் பேக்கர் என்பவர் ஏறக்குறைய அதே முறையில் வேலை செய்யும் கணக்குப் புத்தகங்களை, நெடுவரிசைகளை வேறு மாதிரி அடுக்கி விற்றார். செல்டன் தரப்பு வழக்குப் போட, அது அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1879-ஆம் ஆண்டு வழக்காகச் சட்ட நூல்களில் குறிக்கப்படும் அந்தத் தீர்ப்பு சொன்னது இதுதான்: நூலின் எழுத்துக்குப் பதிப்புரிமை உண்டு, நூல் கற்றுத்தரும் முறையை அந்தப் பதிப்புரிமையால் பூட்டிவைக்க முடியாது. முறைக்குத் தனியுரிமை வேண்டுமானால், கண்டுபிடிப்புகளுக்குத் தரப்படும் பேட்டன்ட் வழியில் போக வேண்டும்.

அந்தக் கோடு இன்று உலகின் பெரும்பகுதிக்கும் பொது. 1995 முதல் அமலில் உள்ள உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தத்தில் 9-ஆம் பிரிவு, வெளிப்பாட்டுக்கு, அதாவது யோசனையை எழுதிக்காட்டிய வடிவத்துக்கு, பதிப்புரிமைப் பாதுகாப்பு உண்டு, யோசனை, செயல்முறை, இயக்கும் முறை, கணிதக் கருத்து ஆகியவற்றுக்கு இல்லை என்று எழுதியே வைத்திருக்கிறது. ஆகவே 'முதலில் கேள், அப்புறம் திருப்பிச் சொல், அதன்பின் வழி காட்டு' என்கிற மாதிரியான படிவரிசையை உங்கள் சொற்களில் நீங்கள் கற்பிப்பது, பதிப்புரிமையைப் பொறுத்தவரை குற்றமில்லை.

சாரின் இரண்டு உரையாடல்கள் அப்படி இல்லை. அவை அவர் உட்கார்ந்து எழுதியவை. ஒவ்வொரு வரியும் அவருடைய வெளிப்பாடு. பாத்திரத்தின் பெயரை மாற்றியதால் ஒன்றும் ஆகிவிடாது. உங்கள் நண்பர் சொன்ன முப்பது சதவீதக் கணக்கு நான் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து கேட்டுவருவது. சிலர் இருபது என்பார்கள், சிலர் பத்து என்பார்கள். அப்படியொரு எண் சட்டத்தில் கிடையாது. எவ்வளவு மாற்றினீர்கள் என்று யாரும் அளக்க மாட்டார்கள். எடுத்ததில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, மிஞ்சியது அந்தப் படைப்பின் முக்கியமான பகுதியா என்றுதான் பார்ப்பார்கள்.

நன்றி வேறு, அனுமதி வேறு

நன்றிப் பக்கம் பற்றிய குழப்பம் முழுவதும் இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருகிறது. பெயர் சொல்வது நேர்மை சம்பந்தப்பட்டது. அனுமதி வாங்குவது உரிமை சம்பந்தப்பட்டது. ஒன்று இருந்தால் மற்றது தானாக வந்துவிடாது.

முந்நூறு ஆண்டுக்கு முன் எழுதியவரின் பத்தியை எடுத்தால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. ஆனால் 'நானே எழுதினேன்' என்றால் அது பொய். மாறாக, இன்று விற்பனையில் இருக்கும் நூலின் ஓர் அத்தியாயத்தை முழுதாக அச்சிட்டு, மேலே ஆசிரியர் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டாலும் அது மீறல்தான். யாருடையது என்று தெரிந்தேதான் எடுத்தீர்கள் என்று நீங்களே எழுதிக்கொடுத்ததாக வேண்டுமானால் ஆகும்.

நடுவில் ஓர் இடம் உண்டு. பதிப்புரிமை பற்றி நாடுகள் தங்களுக்குள் செய்துகொண்ட, 1886-இல் பிறந்த பெர்ன் உடன்படிக்கையின் 10-ஆம் பிரிவு, வெளியான படைப்பிலிருந்து நியாயமான வழக்கத்துக்கு உட்பட்டு, நோக்கத்துக்குத் தேவையான அளவுக்கு மேற்கோள் காட்ட இடம் தருகிறது. அப்போது மூலத்தையும், அதில் ஆசிரியர் பெயர் இருந்தால் அந்தப் பெயரையும் குறிப்பிட வேண்டும். ஒரு நூலின் இரண்டு வரியை எடுத்து, அதைப் பற்றிப் பேசிவிட்டு, யாருடையது என்று சொன்னால் பெரும்பாலும் அதற்குள் அடங்கும். மூன்று பத்தியை எடுத்து உங்கள் முன்னுரையாகவே ஓட்டினால் அது மேற்கோள் ஆகாது.

இனி உங்கள் கையேட்டுக்குள் வரலாம்.

நான்கு கட்டப் படத்தைப் பொறுத்தவரை, ஒரு சதுரத்தை நான்காகப் பிரித்து இரண்டு அளவுகோல்களை வைத்து எதையாவது வகைப்படுத்துவது யாருக்கும் தனியுரிமை இல்லாத பொது உத்தி. ஆனால் கட்டங்களுக்குள் அந்த ஆசிரியர் எழுதிய சொற்றொடர்களையும் அவர் அமைத்த விதத்தையும் அப்படியே எடுத்து நிறத்தை மட்டும் மாற்றியிருந்தால், அது அவருடைய படத்தின் நகல் அல்லது தழுவல். உங்களுக்கு இரண்டு வழி. பதிப்பகத்திடம் அனுமதி கேட்கலாம். இதற்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கும் பதிப்பகங்கள் பல. இல்லையென்றால் அந்தக் கருத்தை உங்கள் துறை உதாரணங்களோடு, உங்கள் சொற்களில், வேறு அமைப்பில் எழுதி, கருத்து யாருடையது என்று அடியில் சொல்லலாம். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். புகாரைக் கையாள்வது பற்றிய வகுப்பில் அந்தப் படம் எப்படியும் கொஞ்சம் ஒட்டாமல்தான் இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன்.

இணையக் கட்டுரைக்கு வருவோம். 'பொதுவெளியில் கிடைத்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். யாரும் படிக்கலாம் என்பதும் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்பதும் ஒன்றல்ல. அந்தப் பக்கத்தின் அடியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம், அதாவது சில நிபந்தனைகளோடு யாரும் பயன்படுத்தலாம் என்று படைத்தவரே முன்கூட்டித் தரும் அனுமதி, ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். 'பிஒய்' (BY) என்றிருந்தால் ஆசிரியர் பெயர், உரிமத்துக்கான இணைப்பு, நீங்கள் மாற்றம் செய்திருந்தால் அந்தத் தகவல், மூன்றையும் தந்து பயன்படுத்தலாம். கூடவே 'என்சி' (NC) இருந்தால் வணிகத்துக்கு ஆகாது. கட்டணப் பயிற்சியில் வைக்கவே கூடாது. 'எஸ்ஏ' (SA) இருந்தால் தழுவி உருவாக்கியதை நீங்களும் அதே நிபந்தனையில் திறந்துவிட வேண்டும். தனியுரிமத்தில் விற்கப் போகிற உங்களுக்கு அது தலைவலி. பெயர் சொல்லாமல் விட்டுப்போயிருந்தாலும் ஓர் ஆறுதல் உண்டு. இந்த உரிமங்களின் 2013-இல் வந்த 4.0 பதிப்பில், தவறு தெரியவந்த 30 நாளுக்குள் சரிசெய்துவிட்டால், நிபந்தனையை மீறியதால் ரத்தான உரிமம் தானாகத் திரும்பிவிடும். எந்த உரிமமும் இல்லாவிட்டால் மூன்று பத்திகளையும் எடுத்துவிட்டு நீங்களே எழுதுங்கள். ஒன்பது ஆண்டு வகுப்பெடுத்தவருக்கு முன்னுரை எழுத மூன்று பத்தி கடன் வாங்க வேண்டியதில்லை.

சாரிடம் எப்படிப் பேசுவது?

பேசுவதற்கு முன் ஒரு தாளைத் தேட வேண்டும். அவரிடம் வேலைக்குச் சேர்ந்தபோது எதிலாவது கையெழுத்துப் போட்டீர்களா? ரகசியம் காக்கும் பிரிவு அதில் இருந்ததா? பதிப்புரிமையில் 'யோசனைக்கு உரிமை இல்லை' என்று நான் மேலே சொன்ன நிம்மதி, ஒப்பந்தத்தில் ஒப்புக்கொண்டதற்கும் வணிக ரகசியத்துக்கும் பொருந்தாது. டிரிப்ஸ் 39-ஆம் பிரிவின்படி ஒரு தகவல் பாதுகாக்கப்பட மூன்று தேவை: அது ரகசியமாக இருக்க வேண்டும், ரகசியமாக இருப்பதாலேயே அதற்கு வணிக மதிப்பு இருக்க வேண்டும், அதைக் காக்க நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும். நூற்றுக்கணக்கானோர் உட்கார்ந்த வகுப்பில் சார் வெளிப்படையாகச் சொன்ன படிகள் இதில் வருவது கடினம். அவருடைய வாடிக்கையாளர் பட்டியல், கட்டணக் கணக்கு, உள்ளுக்குள் வைத்திருந்த மதிப்பீட்டுக் குறிப்புகள் வரலாம். அப்படிப்பட்டதை எடுத்துவிட்டு 'நன்றி சார்' என்று அச்சில் போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். ரகசியமும் வெளியாகிவிடும், எடுத்தவர் பெயரும் பதிவாகிவிடும். உங்கள் கடிதத்தில் அந்த மாதிரி எதுவும் தெரியவில்லை. இருந்தாலும் பழைய கோப்புகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

உரையாடல்கள் இரண்டுக்கும் அனுமதி கேட்கலாம். கேட்பதானால் எந்த இரண்டு, எத்தனை ஆண்டாகப் பயன்படுத்துகிறீர்கள், இனி யாருக்கு உரிமம் தரப் போகிறீர்கள், அவருக்கு என்ன தருவீர்கள் என்று தெளிவாகக் கேளுங்கள். 'உங்கள் ஆசீர்வாதம் வேண்டும்' என்று பொதுவாக எழுதி அவர் வாழ்த்துச் சொன்னால் அது அனுமதி ஆகாது. இன்னொன்று: அப்படி ஒரு கடிதம் எழுதுவது, எடுத்தேன் என்று ஒப்புக்கொள்வதும்கூட. அனுப்பும் முன் உங்கள் ஊர் வழக்கறிஞர் ஒருவர் அதைப் பார்க்கட்டும்.

அனுமதி வராது என்று தோன்றினால் அந்த உரையாடல்களை விட்டுவிடுங்கள். புதிதாக எழுதும்போது ஒரு நடைமுறை யோசனை: நீங்கள் எழுதாதீர்கள். ஒன்பது ஆண்டாகச் சொல்லிச்சொல்லி அந்த வரிகள் உங்கள் நாக்கில் ஊறிப்போயிருக்கும். பழைய கையேட்டைப் பார்க்காத ஒருவரிடம் 'தாமதத்தால் கோபமாக வந்த வாடிக்கையாளர், பணம் திருப்பித் தர அதிகாரம் இல்லாத ஊழியர்' என்று சூழலை மட்டும் சொல்லி எழுதச் சொல்லுங்கள். நகல் என்று பின்னால் யாரும் சொல்ல முடியாது. உரையாடலும் புதிதாக இருக்கும்.

படிகளின் வரிசைக்குச் சாரிடம் அனுமதி தேவையில்லை என்றேன். பெயர் சொல்ல வேண்டுமா என்றால், சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தாது. நான் சொல்லச் சொல்வேன். இதை ஒழுக்கப் பாடமாகச் சொல்லவில்லை. உங்கள் துறை சிறியது. அவரிடம் படித்தவர்கள் எத்தனை நிறுவனங்களில் இருக்கிறார்களோ! அவர்களில் ஒருவர் உங்கள் வகுப்பில் உட்கார்ந்து, இரண்டாவது ஸ்லைடிலேயே அடையாளம் கண்டுகொண்டால், அதன் பிறகு நீங்களே யோசித்த மீதி எல்லாமும் சந்தேகத்துக்குள் போய்விடும். எங்கள் தொழிலிலும் இதே கதைதான். சீனியர் வரைந்த ஒப்பந்த வாசகங்களை எடுத்தாளாத வழக்கறிஞர் கிடையாது, நானும்தான். 'இந்தப் பிரிவு என் சீனியர் எழுதியது' என்று கட்சிக்காரரிடம் சொன்னதால் எனக்கு இதுவரை ஃபீஸ் குறைந்ததில்லை.

பெயர் சொன்னால் விலை குறையுமா?

உங்கள் பயம் புரிகிறது. ஆனால் வாங்கப் போகிறவர் பணம் கொடுப்பது எதற்கு? ஐந்து படிகளை உலகில் முதலில் நினைத்தவர் நீங்கள் என்பதற்காக இல்லை. நீங்கள் நடத்தினால் அவருடைய ஊழியர்கள் மாறுகிறார்கள் என்பதற்காக. ஹென்றி ஃபோர்டு, நகரும் தொடர் உற்பத்தியின் யோசனை சிகாகோ இறைச்சிக் கூடங்களில் தலைக்கு மேல் ஓடிய தள்ளுவண்டியிலிருந்து வந்தது என்று 1922-இல் வெளியான தன் நூலிலேயே எழுதினார். டொயோட்டாவின் உற்பத்தி முறையை வகுத்த தாயிச்சி ஓனோ, அலமாரியில் காலியானதை மட்டும் நிரப்பும் அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டைப் பார்த்துத்தான் தன் முறையை யோசித்தேன் என்று வெளிப்படையாகச் சொன்னவர். அதனால் அவர்களைக் குறைவாக மதித்தவர் யாரும் இல்லை. எங்கிருந்து எடுத்தார்கள் என்று தெரிந்ததால்தான், எடுத்ததை எவ்வளவு தூரம் கொண்டுபோனார்கள் என்பதும் தெரிகிறது.

உங்கள் கையேட்டிலும் அதுவே நடக்கும், பெயர் சொல்லும் விதம் சரியாக இருந்தால். கடைசிப் பக்கத்தில் பத்துப் பெயரை வரிசையாக அடுக்கி 'இவர்களுக்கு நன்றி' என்று போடுவதில் யாருக்கும் பலன் இல்லை. எது யாருடையது என்று அதிலிருந்து தெரியாது. 'பல இடங்களிலிருந்து திரட்டியது' என்பது அதைவிட மோசம். பயன்படுத்திய இடத்திலேயே ஒரு வரி போதும். எடுத்தது, தழுவியது, கற்றது என்ற மூன்றையும் பிரித்துச் சொல்லுங்கள். படிகள் வரும் பக்கத்தில்: 'இந்த வரிசையை நான் இன்னாரிடம் உதவியாளராக இருந்தபோது கற்றேன். படிகளின் பெயர்களும் விளக்கமும் என்னுடையவை.' படம் வரும் இடத்தில்: 'இன்ன நூலில் இன்னார் முன்வைத்த வகைப்பாட்டைத் தழுவியது; உதாரணங்கள் என்னுடையவை.' உங்கள் பங்கு எங்கே தொடங்குகிறது என்பதும் அந்த ஒரே வரியில் வந்துவிடுகிறது பாருங்கள். ஸ்லைடு போடாமல் வாயால் சொல்லும் வகுப்பிலும் இதைச் சொல்லிப் பழகுங்கள்.

அதிகமாகச் சொல்வதும் ஆபத்து. 'சாரின் வழிகாட்டுதலில் உருவானது' என்று மரியாதைக்காக எழுதினால், அவர் இதற்கு ஒப்புதல் தந்ததாக வாசிப்பவர் எடுத்துக்கொள்வார். அவர் தன் முறையின் பெயரை டிரேட்மார்க்காகப் பதிவு செய்திருந்தால் சிக்கல் இன்னும் கூடும். எங்கிருந்து கற்றீர்கள் என்பதைச் சொல்லுங்கள். அவர் பெயரை உங்கள் விளம்பரத்துக்குச் சான்றிதழாக மாற்றாதீர்கள்.

அந்த ஒன்றரை வரி

இப்போது மதிப்பெண் தாள். 'சம்பளம் கொடுத்ததால் எனக்குத்தானே?' என்று கேட்டிருக்கிறீர்கள். பதில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய 'மணிக்கணக்கில்' என்ற சொல்லில் இருக்கிறது.

நிரந்தர ஊழியர் வேலையின் பகுதியாக உருவாக்கியது முதலாளிக்குச் சேரும் என்பது பல நாடுகளின் பொதுவிதி. ஆனால் வெளியாளாக, மணிக்கணக்கிலோ வேலைக் கணக்கிலோ பணம் வாங்கி உருவாக்கியவர் விஷயத்தில், எழுத்தில் மாற்றித் தராதவரை உரிமை அவரிடமே இருப்பதுதான் பல இடங்களில் வழக்கம். பணம் கொடுத்ததால் பயன்படுத்த உங்களுக்கு உரிமை வந்திருக்கலாம். மூன்றாவது ஆளுக்கு உரிமம் தர உரிமை வந்ததா என்பது வேறு கேள்வி. தாளின் வெறும் கோடும் கட்டமும் செல்டன் வழக்கின் படிவம் மாதிரிதான், அதற்குப் பெரிய பாதுகாப்பு இல்லை. ஆனால் எந்தப் பதிலுக்கு எத்தனை மதிப்பெண், ஏன் என்று விளக்கும் இரண்டு பக்கக் குறிப்பு இருப்பதாகச் சொல்கிறீர்கள். அதை எழுதியவர் யார்? அந்தப் பெண்தான் என்றால், நீங்கள் விற்கப் போகும் பொருளில் வாங்குபவர் மிகவும் விரும்பும் பகுதி உங்கள் கையில் முழுதாக இல்லை.

உரிமை உங்களுடையதுதான் என்று வைத்துக்கொண்டாலும் பெயர் பற்றிய கேள்வி தீராது. பெர்ன் உடன்படிக்கையில் 1928-இல் சேர்ந்த பிரிவு ஒன்று, படைப்பின் வணிக உரிமையை விற்ற பிறகும், அதைப் படைத்தவர் தானே என்று சொல்லும் உரிமை படைப்பாளிக்கு உண்டு என்கிறது. ஊழியர் விஷயத்தில் இதை நாடுகள் வேறுவேறு விதமாக வைத்திருக்கின்றன. சில இடங்களில் முதலாளியே படைப்பாளியாகக் கருதப்படுகிறார். ஆகவே உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துத்தான் முடிவாகச் சொல்ல முடியும். ஆனால் உலகம் முழுக்க ஒரே மாதிரி இருப்பது, பெயர் மறைக்கப்பட்டவரின் கோபம்.

மொனாப்பலி விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். லிசி மேகி என்ற பெண் நில உடைமை பற்றிய ஒரு பலகை விளையாட்டுக்கு 1904-இல் அமெரிக்காவில் பேட்டன்ட் வாங்கினார். அது கைமாறிக் கைமாறி, பலர் கைவண்ணம் சேர்ந்து, சார்லஸ் டாரோ என்பவரிடம் வந்தது. 1935-இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் அதை வாங்கி, கண்டுபிடித்தவர் டாரோ என்றே விற்றது. மேகியின் பேட்டன்டை 500 டாலருக்கு வாங்கியது. விற்பனையில் பங்கு எதுவும் இல்லை. சட்டக் காகிதம் சரியாக இருந்தது, பார்த்தீர்களா? ஆனாலும் பல ஆண்டு கழித்து, 1970-களில் வேறொரு விளையாட்டின் பெயர் தொடர்பாக நடந்த வழக்கில் பழைய கதை முழுக்க வெளியே வந்துவிட்டது. இன்று அந்த விளையாட்டின் வரலாறு எழுதப்படும் இடமெல்லாம் மேகியின் பெயர் முதலில் வருகிறது, கூடவே அவருக்கு நடந்ததும்.

அந்தப் பெண்ணைக் கூப்பிடுங்கள். கூப்பிட்டு, உரிமம் விற்கப் போகிறேன், நீ செய்த தாள் அதில் முக்கியமானது என்று நேராகச் சொல்லுங்கள். எழுத்தில் உரிமை மாற்றம் வாங்குங்கள். அதற்குத் தனியாகப் பணம் கொடுங்கள், ஒப்பந்தம் எவ்வளவு பெரியது என்பதை மறைக்காமல். கையேட்டில் 'மதிப்பெண் தாளை உருவாக்கியவர்' என்று அவர் பெயரைப் போட அனுமதி கேளுங்கள். அனுமதி என்று ஏன் சொல்கிறேன் என்றால், வேறு இடத்தில் வேலை பார்ப்பவருக்கு அந்தப் பெயர் சிக்கலாகவும் இருக்கலாம். கையெழுத்து வாங்கிய பிறகு ஒப்பந்தத் தொகை அவருக்குத் தெரியவந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாலே, இப்போது எப்படிப் பேச வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஒப்பந்தத்தில் என்ன மாற்றச் சொல்வது?

'முழுவதும் சொந்தப் படைப்பு' என்ற உறுதிமொழி சும்மா அலங்காரம் இல்லை. அதோடு சேர்ந்து, யாராவது வழக்குப் போட்டால் வாங்கியவரின் செலவையும் இழப்பையும் நீங்கள் ஏற்பீர்கள் என்ற பிரிவும் பெரும்பாலும் கீழே எங்காவது இருக்கும். உங்கள் வரைவிலும் இருக்கிறதா, அதற்கு உச்சவரம்பு இருக்கிறதா என்று பாருங்கள். தெரிந்தே தவறான உறுதி கொடுத்தால், பதிப்புரிமைக்காரர் சும்மா இருந்தாலும் வாங்கியவரே உங்கள் மேல் வருவார்.

இணைப்பு ஒன்று சேர்க்கச் சொல்லுங்கள். பாடப்பொருளில் எது உங்களுடையது, எது பிறரிடம் அனுமதியோடு எடுத்தது, எது துறையில் எல்லோருக்கும் பொதுவானது என்று அதில் பிரித்து எழுதி, உங்கள் உறுதிமொழியை முதல் வகைக்கு மட்டும் கொடுங்கள். பிறர் உரிமையை மீறவில்லை என்பதை 'எனக்குத் தெரிந்தவரை' என்ற சொற்களோடு கொடுங்கள். இழப்பீட்டுக்கு, நீங்கள் வாங்கும் தொகையை ஒட்டி ஓர் உச்சவரம்பு கேளுங்கள். பெரிய நிறுவனங்களின் சட்டப் பிரிவுக்கு இது எதுவும் புதிதில்லை. இப்படிப் பட்டியல் கொடுப்பவரை அவர்கள் நம்புவார்கள். எதையும் கேட்காமல் கையெழுத்துப் போடுகிறவரைப் பார்த்துத்தான் கொஞ்சம் யோசிப்பார்கள்.

இதுவரை கையேடு வாங்கிய பழைய வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். பழைய பிரதிகள் விற்பதை இன்றோடு நிறுத்துங்கள். கணினியில் உள்ள கோப்புகளை மாற்றுங்கள். அவர்கள் அடுத்த வகுப்புக்குக் கூப்பிடும்போது புதிய பதிப்பைக் கொடுங்கள்.

ஒப்பந்தத்துக்கு மூன்று வாரம் அவகாசம் இருக்கிறது என்கிறீர்கள். சாரும் பதிப்பகமும் பதில் சொல்ல அதைவிட நாளாகலாம், அதனால் அந்த இரண்டு இடத்திலும் மாற்றி எழுதுவதையே திட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். வழக்கறிஞரிடம் போவதற்கு முன், மதிப்பெண் தாளின் முதல் வரைவு எந்தத் தேதியில், யாருடைய மின்னஞ்சலில் வந்தது என்று தேடி எடுத்து அச்சிட்டுக்கொள்ளுங்கள். அந்த மாதம் அந்தப் பெண்ணுக்கு எப்படிப் பணம் கொடுத்தீர்கள் என்ற ரசீதும் கூட இருக்கட்டும். வழக்கறிஞர் முதலில் கேட்கப் போவது அந்த இரண்டையும்தான்.